திசைகாட்டியில் பிழை

உறைந்த ஏரியின் மேல்
நாலு கையையும் விரித்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறாய்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
பிறகு மஞ்சள், மனம் மாறினாற்போல்.
பிறகு மீண்டும் சிவப்பு.

ஃபின்மார்க் மேட்டில் மார்ச் மாதம்.
நேற்றைய புயலில் கலைந்த பனிமான்கள்
மலைக்குப் பின்னால் எங்கோ.
எத்தனை என்று கேட்காதே.
எங்கள் பக்கம் அது
ஒருத்தியின் வங்கிக் கணக்கைக் கேட்பது மாதிரி.

வாக்கிடாக்கியில் யோவ்னா:
"ரிஸ்தன், ஏறிவிட்டதா?"
"ஏறும்."
இது மூன்றாவது "ஏறும்".

சரி, ஒவ்வொன்றாய் வருவோம்.

பேட்டரி.
கிளம்பும்போது தொண்ணூற்றெட்டு,
இப்போது அறுபத்தொன்று,
குளிர் குடித்தது போக மிச்சம்.
கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
தெர்மாமீட்டர் வைத்த பிள்ளை மாதிரி
பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறேன்.
எழுபது. ஆனாலும் சிவப்பு.

இறக்கை.
போன வாரம் மாட்டியவன் யோவ்னா.
இடம் மாற்றி மாட்டியிருந்தால்
எழும் முன்பே கவிழ்ந்திருப்பாய்,
பிறந்த அன்றே நிற்கப் பார்க்கும் கன்றைப் போல.
குனிந்து பார்க்கிறேன்:
வெள்ளை வளையம் வெள்ளைப் புள்ளியில்,
எல்லாம் சரி.
அவனைத் திட்ட ஒரு வாய்ப்பு போயிற்று.

தடைப் பகுதியா? விமான நிலையம் தொண்ணூறு கிலோமீட்டர்.
மென்பொருளா? புதுப்பிக்கச் சொல்கிறது,
நூற்று நாற்பது மெகாபைட்.
இங்கே சிக்னல் ஒரே ஒரு கோடு,
அதுவும் அக்கரையில், கையைத் தூக்கி நின்றால்.

திரையில் எழுத்து வருகிறது:
திசைகாட்டியில் பிழை. வேறிடத்துக்கு நகரவும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
உனக்கு ஏரியே கோணல்.

நகர்கிறேன். பனிவண்டியிலிருந்து இருபது அடி. நாற்பது அடி.
இடுப்புக் கத்தியை அவிழ்த்துப் பனியில் குத்துகிறேன்.
சாப்பேயின் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ்;
போ என்கிறேன்.
நாய் அல்லவா, வருகிறது.

இந்த மலை முழுக்க இரும்பு என்று
அளக்க வந்தவர்கள் சொல்லிப் போனார்கள்.
இரும்பே இல்லாத இடத்துக்கு
உன்னை எங்கே தூக்கிப் போவேன்?
என் ரத்தத்திலேயே இருக்கிறதே.

கிடையாய்ப் பிடித்து ஒரு சுற்று.
மூக்கைத் தாழ்த்தி ஒரு சுற்று.
சாப்பேயும் கூடவே சுற்றுகிறது, விளையாட்டென்று நினைத்து.
தோல்வி. மறுபடி. தோல்வி.
ஐந்தாவது சுற்றில் தலை கிறுகிறுத்து
உன்னோடு சேர்ந்து நானும் பனியில் உட்கார்ந்தேன்.

மூக்கு ஒழுகியது.
துடைக்கக் கையுறைகளைக் கழற்றினேன்.
இடதும் வலதும்
டக்கென்று ஒட்டிக்கொண்டன.

காந்தம்.

தொலையாமல் இருக்க மணிக்கட்டில் காந்தப் பொத்தான்,
விலை கூடக் கொடுத்து நானே வாங்கியது.
அத்தனை சுற்றிலும்
உன் வயிற்றுக்கு ஓர் அங்குலத்தில்
ஒரு பொய் வடக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மலைதான் காரணம் என்று
யோவ்னாவிடம் சொல்லிவிடலாமா?
யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

வெறுங்கையோடு சுற்றினேன். மைனஸ் பத்தொன்பது.
உன் அடிப்பக்கத் திருகு
விரலைப் பிடித்துக்கொண்டு தோலைக் கேட்டது.
கொடுத்தேன்.

பச்சை.

எழுந்தாய், அத்தனை நேரமும்
எதுவுமே நடக்காதவன்போல.
நீ முதலில் அனுப்பிய படம்:
வெள்ளையில் கோணல்மாணலாய் ஒரு வட்டம்,
பூட்ஸ் தடம், அதையொட்டி நாய்த் தடம்,
நடுவில் விரல்களை வாயில் வைத்துச் சூடேற்றும்
ஒரு கறுப்புப் புள்ளி.

"என்ன தெரிகிறது?"
"நான்."
"மான்?"
"பொறு."

மேடு தாண்டினாய். பிர்ச் மரங்களின் விளிம்பு.
இருபத்தேழு சதவீதம், திரும்பு திரும்பு என்று அலறுகிறாய்.
அங்கே சாம்பலாய்ச் சில.
பாறைகளாய் இருக்கலாம்.
அதில் ஒன்று தலையைத் தூக்கியது.

திரும்பி வா.
இன்னொரு பேட்டரி சட்டைக்குள் வெதுவெதுப்பாய் இருக்கிறது.
கையுறைகள் சாப்பேயின் வாயில்,
இரண்டும் ஒட்டியபடியே.
கேட்டால் தராது.